கிணறு இறைத்துத் தந்த ஐயாவுக்கு

வெள்ளத்துக்குப் போயிருந்த முகாமில் இருந்து வீட்டுக்கு வந்து இன்றைக்கு ஒன்பதாம் நாள். பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது எழுதுவது நன்றி சொல்லத்தான்.

முதலில், கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருந்து லான்ட்மாஸ்டரில், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், வோட்டர் பம்பை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் முரசுமோட்டைக்கு வந்த ஐயாவுக்கு. உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

எங்கள் கிணற்றில் கட்டு விளிம்பு வரை சேற்றுத் தண்ணீர். மலசலகூடக் குழியில் நிறைந்தது, வயலுக்கு அடித்த மருந்து, எல்லாம் அதற்குள்தான். ஒரு செத்த கோழியும் மிதந்தது. சுற்றிவர வெள்ளம் நிற்க, ஒரு கேத்தல் தண்ணீருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசரைப் பார்த்திருந்தோம். யாரும் சொல்லி அனுப்பாமல் படலையில் வந்து நின்று, "பிள்ளை, கிணறு இறைக்கோணுமோ?" என்று கேட்டீர்கள்.

முழுக்க இறைத்துவிடுங்கோ என்றேன். மாட்டேன் என்றீர்கள். "நிலமெல்லாம் ஊறிக் கிடக்கு. ஒரேயடியாய் வத்தவிட்டால் வெளித்தண்ணி தள்ளிக் கட்டு இடிஞ்சு விழும்." எனக்கு நெஞ்சு திக்கென்றது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்தபோதும் இதே கிணறுதான் கெட்டது. அவசரப்பட்டு இறைத்து, ஒரு பக்கக் கட்டைச் சரியவிட்டவர்கள் நாங்கள்.

மூன்று நாள் வந்தீர்கள். கொஞ்சம் இறைப்பீர்கள், நிறுத்துவீர்கள், கட்டைத் தட்டிப் பார்ப்பீர்கள். கடைசி நாள் ஒரு விளக்கைக் கொளுத்தி உள்ளே இறக்கி, அது அணையாமல் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றில் இறங்கினீர்கள். வாளி வாளியாய் வந்த சேற்றோடு மகளின் ஒற்றைச் செருப்பும் வந்தது. மேலே ஏறியதும் அதைக் கழுவி, கிணற்றுக் கட்டின் மேல் வெயிலுக்கு வைத்தீர்கள். ஐயா, எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

மண்ணெண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை. "சண்டை முடிஞ்சு மீளக்குடியேறி வந்த நேரம் என்ர கிணத்தையும் ஆரோதான் இறைச்சுத் தந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

குளோரின் போட்டு, எலிக்காய்ச்சலுக்குக் குளிசையும் தந்த சுகாதாரப் பரிசோதகர் தம்பிக்கு, பள்ளிக்கூடத்தில் மூன்று நேரமும் சமைத்த அம்மாமாருக்கு, கட்டையில் கட்டி நின்ற எங்கள் மாடுகளை அந்த இரவில் அவிழ்த்துவிட்ட பக்கத்து வளவுப் பெடியனுக்கு, உடுப்பு அனுப்பிய வெளிநாட்டு உறவுகளுக்கு, எல்லோருக்கும் நன்றி.

காலபோக நெல் அழிந்துபோனது. சிறுபோகம் கைகொடுத்தால் முதல் காசில் ஒரு பம்ப் வாங்குவேன். இனி எங்கள் ஒழுங்கையில் எந்தக் கிணறு கெட்டாலும் இறைப்பது என் பொறுப்பு. ஆறுதலாக, நீங்கள் காட்டித் தந்த மாதிரியே.

ஐயா, உங்கள் கயிறு எங்கள் கிணற்றடியில்தான் காய்கிறது. அதை எடுக்கவென்றாலும் ஒருக்கால் வாங்கோ. இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன்.