அந்த அட்டையைப் பற்றி

டெஸ் மொய்ன், அயோவா
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் வேட்பாளருக்காக நீங்கள் தபாலில் அனுப்பப் போகிற பிரசார அட்டை என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்சிக்குள் நடக்கிற வேட்பாளர் தேர்தலில் எதிர்த்து நிற்கிறவர், உங்கள் கட்சிக்காரர்தான், ஆனால் முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண் பாதி மூடிய நேரமாகப் பார்த்து ஒரு படம். மேலே சிவப்பு எழுத்தில் ஒரு கேள்வி. இரண்டாவது வரியில் அவருடைய விவாகரத்தை ஜாடையாகத் தொட்டிருக்கிறீர்கள். மூன்றாவதில் அவர் மாநில சட்டமன்றத்தில் போட்ட ஒரு வாக்கு. செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், நீ என்னம்மா நினைக்கிற என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் உனக்கு வேறு கால் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

போடாதே என்பதுதான் என் பதில். அம்மா என்றால் சண்டை வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று நினைத்துக்கொள்ளாதே. கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

2004 ஜனவரி உனக்கு நினைவிருக்காது, நீ இரண்டாம் வகுப்பு. கார்ட்டூனுக்கு நடுவில் ஓயாமல் தேர்தல் விளம்பரம். "ஐ அப்ரூவ் திஸ் மெசேஜ்" என்று நீ ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவாய். ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டி போட்டவர்களில் ஹோவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் ஒருவரை ஒருவர் தாக்கியவைதான் அந்த விளம்பரங்களில் பாதி. மெடிகேர், அதாவது முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு விஷயத்தில் டீனை நம்பாதே என்பார் கெப்ஹார்ட். ஈராக் போருக்கு புஷ்ஷோடு கைகோத்தவர் கெப்ஹார்ட் என்பார் டீன். கெப்ஹார்ட் 1988-இல் இதே அயோவாவில் ஜெயித்தவர், இங்கே தோற்றால் வண்டி நின்றுவிடும் என்பதால் டீனை விடாமல் துரத்தினார். ஜனவரி 19 இரவு கணக்கு வந்தது. ஜான் கெர்ரி 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18, கெப்ஹார்ட் 11. மறுநாளே கெப்ஹார்ட் விலகிவிட்டார். அடித்தவரும் விழுந்தார், அடிவாங்கியவரும் விழுந்தார். அந்தச் சண்டையிலிருந்து தள்ளி நின்ற இருவர் மேலே போய்விட்டார்கள். எட்வர்ட்ஸ் அந்த மாதம் முழுக்க யாரையும் திட்டாத நல்ல பிள்ளையாக ஊர் ஊராகச் சுற்றினார். அவர் கதை பிறகு எப்படிப் போனது என்பது வேறு.

அப்புறம் 2008, ஜனவரி 3. குடியுரிமை வாங்கியபின் நான் போன முதல் காக்கஸ், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊர்க்காரர்கள் கூடும் கூட்டம். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடம். ஒரே கூட்டம், ஈரக் கோட்டு வாசனை, ஷூவிலிருந்து உருகிய பனி தரையெல்லாம் வழுக்குகிறது. வேட்பாளருக்கு ஒரு மூலை, நமக்குப் பிடித்தவர் மூலையில் போய் நிற்க வேண்டியிருந்தது. ஒரு மூலையில் 15 சதவீதம் சேரவில்லையென்றால் அந்தக் கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம் என்பது அப்போதைய விதி. பைடன் மூலையில் ஒரு கைக்கு அடங்குகிற ஆட்கள்தான். அதில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவரைத் தங்கள் பக்கம் இழுக்க மூன்று மூலைகளிலிருந்தும் ஆள் வந்துவிட்டார்கள், ஒருவர் கையில் குக்கீஸ் தட்டு வேறு. அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "உங்கள் ஆள் என் ஆளைப் பற்றி இதுவரை என்ன சொன்னார்?" பதிலைக் கேட்டுவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு ஒபாமா மூலைக்கு நடந்தார். ஒரு வேட்பாளர் தனக்கு வாக்கு போடாதவர்களையும் நாளைக்குத் தேடிப் போக வேண்டியிருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அதே ஒபாமாவும் 2007-இல் ஹிலாரிக்குப் பின்னால்தான் இருந்தார். அடி, அடி என்று சுற்றியிருந்தவர்கள் நச்சரித்தார்கள். நவம்பரில் இங்கே கட்சி விருந்தில் பேசும்போது, மக்கள் கேட்க விரும்புவதையே சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, கருத்துக்கணிப்பைப் பார்த்துக் கொள்கை பேசினால் போதாது என்றார். யாரைச் சொல்கிறார் என்று அரங்கத்தில் புரியாதவர் கிடையாது. அதுவும் தாக்குதல்தான் பாப்பா, நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஹிலாரி ஆட்கள்கூட வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டிருப்பார்கள்.

குடியரசுக் கட்சியில் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டி போட்ட கிறிஸ் கிறிஸ்டியின் கதை உனக்கே தெரியும். 2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயர் விவாதம். அதே போட்டியில் இருந்த மார்கோ ரூபியோ மனப்பாடம் செய்த 25 விநாடிப் பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று கிறிஸ்டி மேடையிலேயே போட்டுடைத்தார். ரூபியோவும் அதையே இன்னொரு தடவை சொல்லித் தொலைத்தார்! மூன்று நாளில் வாக்குப்பதிவு. ரூபியோ ஐந்தாவது, கிறிஸ்டி ஆறாவது, ஜெயித்தது டிரம்ப். கிறிஸ்டி அடுத்த நாள் கடையை மூடினார்.

உன் வேட்பாளரும் நான்கு பேரில் மூன்றாவது. இரண்டாவது ஆளை அடித்தால் அவரிடமிருந்து கழன்று வருகிறவர்கள் ஏன் அடித்தவரிடம் வருவார்கள் என்று உங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள்? முதல் ஆளிடம் போவார்கள், இல்லையென்றால் நான்காவது இடத்தில் இருக்கிற அந்தப் பெண்ணிடம் போவார்கள். களத்தில் இரண்டே பேர் என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அப்பா இதில் எனக்கு எதிர்க்கட்சி. பின்னால் ஓடுகிறவன் கையைக் கட்டிக்கொண்டா ஓடுவான் என்கிறார். கமலா ஹாரிஸை எடுத்துக் காட்டுகிறார். 2019 ஜூனில் மயாமி மேடையில் பைடனைப் பார்த்து, கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கப் பேருந்தில் வேறு பள்ளிக்கு அனுப்பிய திட்டத்தைப் பற்றிக் கேட்டாரே, "அந்தச் சின்னப் பெண் நான்தான்" என்று, அன்றைக்கு நானும் சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். நம் சியாமளா பெற்ற பெண் என்ற பெருமைதான். கருத்துக்கணிப்பு ஏறியது, சில வாரத்தில் இறங்கியது. டிசம்பர் 3-ஆம் தேதி, இங்கே ஒரு வாக்குகூடப் பதிவாகுமுன் விலகிவிட்டார். ஆனாலும் அடுத்த ஆகஸ்டில் பைடன் அவரையே துணை ஜனாதிபதி வேட்பாளராகக் கூப்பிட்டார். அவர் கேட்டது பைடன் பொது வாழ்க்கையில் எடுத்த ஒரு நிலைப்பாட்டைப் பற்றி, அதுவும் முகத்துக்கு நேரே. அதனால்தான் ஒட்டுவதற்கு இடம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். 2019 செப்டம்பரில் ஹூஸ்டன் மேடையில், இரண்டு நிமிஷம் முன்னால் சொன்னது மறந்துவிட்டதா என்று பைடனைக் குத்திய இன்னொரு போட்டியாளர் ஹூலியன் காஸ்ட்ரோவை, கட்சிக்காரர்களே முகம் சுளித்துப் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் யோசி. 1988-இல் நியூயார்க் விவாதத்தில், மாசசூசெட்ஸ் சிறைக் கைதிகளுக்கு வார இறுதி விடுமுறை கொடுத்தீர்களே என்று அந்த மாநில ஆளுநர் டுகாக்கிஸைக் கேட்டவர் அவர் கட்சியிலேயே போட்டியிட்ட அல் கோர். கோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அந்த மாதமே ஒதுங்கிவிட்டார். ஆனால் அந்தப் பொருள் அங்கேயே கிடந்தது. இலையுதிர்காலத்தில், கட்சி வேட்பாளராகிவிட்ட டுகாக்கிஸை எதிர்த்து நின்ற மூத்த புஷ் பக்கத்து ஆட்கள் அதை எடுத்துச் சாணை பிடித்து அவர் தலையில் இறக்கினார்கள். புஷ் 40 மாநிலங்களில் ஜெயித்தார். கோர் கேட்காமலே அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்று வாதாடலாம். இருக்கட்டும். அந்த விவாகரத்து வரியை நவம்பரில் எதிர்க்கட்சி அப்படியே மறுபதிப்பு போடும். அதற்கு அச்சுக் கூலியும் தபால் தலையும் நீங்கள் கொடுக்கப் போகிறீர்கள்.

மூன்றாவது வரி வேறு. அது அவர் போட்ட வாக்கு, பதிவேட்டில் இருக்கிறது. வியாழக்கிழமை விவாதம் இருக்கிறது என்றாயே. உன் வேட்பாளர் தன் வாயாலேயே அவரிடம் கேட்கட்டும், "அன்றைக்கு ஏன் அப்படி வாக்களித்தீர்கள்?" என்று. பதில் சொல்ல அவருக்கும் ஒரு நிமிஷம் கிடைக்கும். சரியான பதில் இருந்தால் நீங்கள் தோற்பீர்கள், அவ்வளவுதான்.

உன் மேலாளர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அட்டையில் கை வைக்க உனக்கு அதிகாரம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவது வரியை எடுக்கச் சொல்லியாவது கேட்டுப் பார். அந்த எதிர் வேட்பாளரின் அலுவலகத்தில்தானே உன் ரூம்மேட் வேலை செய்கிறாள்?

பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் நேற்று பார்சல் போட்டாயிற்று. ஊறுகாய் பாட்டிலை இரண்டு கவரில் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது நேராக வைத்துப் பிரி. செவ்வாய் என்ன முடிவானது என்று இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடு, அப்பா என்னோடு பத்து டாலர் பந்தயம் கட்டியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா