வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்துக் கேட்டவர்களுக்கு

தக்கலை வட்டாரத்து அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும், என்னைப் பார்த்த டாக்டர்மாருக்கும், இதை வாசிக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நேரில் நன்றி சொன்னால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். சிலருக்குச் சொல்லியும் விட்டேன். ஆனால் சிலர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வரும்போது கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும் ஆபரேஷனுக்கு அப்புறம் அடிவயிறு வலிக்கு, யாருகிட்டயும் சொல்லல" என்று சொல்கிற பெண்கள் நிறையப் பேர். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

என் மகன் சிசேரியனில் பிறந்தான். பல வருஷம் கழித்து, கட்டி, அதிக உதிரப்போக்கு என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள். பழைய தழும்பிலேயே மறுபடி திறந்து எடுத்தார்கள். சினைப்பை இரண்டையும் விட்டுவிட்டார்கள். உதிரப்போக்கு நின்றது, ரத்தசோகை சரியானது. அந்த ஆபரேஷன் வேண்டாத வேலை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் புண் ஆறிய பிறகும் வலது பக்கத் தழும்பின் ஓரத்தில் ஓர் இடம் மட்டும் அடங்கவே இல்லை. தையல் மெஷின் ஊசி ஒரே இடத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி ஒரு குத்தல், அங்கேயிருந்து தொடையின் உள்பக்கம் வரை எரிச்சல். மெஷினை மிதித்தால் கூடும். வெகுநேரம் உட்கார்ந்தால் கூடும். பஸ்ஸில் மார்த்தாண்டம் வரை குலுங்கிப் போய் வந்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

ஆபரேஷன் செய்த இடத்தில் ஸ்கேன் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்றார்கள். அப்புறம் போன இடங்களில் நீர்க்கடுப்புக்கு மாத்திரை, கேஸுக்கு மாத்திரை, சத்துக்கு மாத்திரை. கர்ப்பப்பையே இல்லை, அப்புறம் என்ன வலி என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர், சினைப்பையையும் எடுத்துவிடலாம் என்று தேதி குறிக்கவே தயாராகிவிட்டார். அதற்கு மேல் அவர்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. இது நன்றி மடல்.

முதல் நன்றி ஒரு வர்ம ஆசானுக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் உளுக்கு, பிடிப்பு என்றால் ஆசானிடம் போகாத வீடு உண்டா? என் மாமியார் கூட்டிக்கொண்டு போனார். அவர் தழும்பைப் பார்த்தார், எங்கெங்கே வலி ஓடுகிறது என்று கேட்டார், எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். "மக்ளே, இது தையல் விழுந்த எடம். நான் கை வைக்கப் பிடாது. நரம்பு என்னவோ மாட்டியிருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில காட்டு." காசும் வாங்கவில்லை. தன் வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்த மனிதர்.

அடுத்தது என் அண்ணன் மகளுக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில் நாலு வரிதான் இருந்தது. உள்ளே என்ன செய்தார்கள் என்பது ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொன்னவள் அவள். கேட்டால் தர மாட்டார்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதியில், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதாம். அந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதினாள். ஒரு நகலில் சீல் வைத்து வாங்கிக்கொண்டாள். முகம் சுளித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். ரெக்கார்டு அறையில் இருந்த அண்ணன் மட்டும் முகம் சுளிக்கவில்லை. கேஸ் ஷீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட்டு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, நூல் கட்டிக் கையில் தந்தார். அவருக்கும் நன்றி.

அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி.யில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுதான். கூட்டம் வாசல் வரை நின்றது. அத்தனை கூட்டத்திலும் ஆபரேஷன் குறிப்பை முழுசாகப் படித்தார். சிசேரியன் தழும்பின் ஒட்டல்களை, அதாவது உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்த இடங்களைப் பிரித்தது, வெட்டை வலது பக்கம் கொஞ்சம் நீட்டியது, எல்லாம் அதில் எழுதியிருந்தது. பிறகு படுக்கச் சொல்லி, "ஒரே ஒரு விரலால வலிக்கிற இடத்தைக் காட்டுங்கம்மா" என்றார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காட்டினேன். அந்த இடத்தில் தன் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் தூக்கச் சொன்னார். தூக்கினேன். வலியில் கத்திவிட்டேன்.

அவர் சொன்ன விளக்கம் இது. வயிற்றுத் தசை இறுகும்போது உள்ளே இருக்கிற உறுப்பு மூடப்படும், அதனால் உறுப்பில் வலி என்றால் அழுத்தம் குறைந்த மாதிரி இருக்கும். வயிற்றுச் சுவரிலேயே வலி என்றால் அப்படியே நிற்கும், அல்லது கூடும். 1926இல் கார்னெட் என்ற அமெரிக்க சர்ஜன் எழுதி வைத்த சோதனையாம். மெஷினும் வேண்டாம், காசும் வேண்டாம். அடிவயிற்றின் குறுக்கே போடுகிற வெட்டின் இரண்டு ஓரங்களை ஒட்டி மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவை வெட்டுப்படலாம், தையலில் சிக்கலாம், தழும்பு இறுகும்போது மாட்டிக்கொள்ளலாம். ஸ்கேனில் பெரும்பாலும் இது தெரியாது.

அதற்காக மற்றதை அவர் விட்டுவிடவில்லை. உள்ளே ஒட்டல், சினைப்பை, மூத்திரப்பை, குடல், தழும்புக்குள் கர்ப்பப்பை உள்சவ்வு வளர்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் விலக்கினார். மாதாமாதம் கூடிக் குறைகிறதா, கட்டி மாதிரி தட்டுப்படுகிறதா என்றெல்லாம் கேட்டார். கணவன் மனைவி உறவில் வலி உண்டா என்றும் கேட்டார், ஒரு சங்கடமும் இல்லாமல். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் எல்லாம் "எனக்கும் நரம்புதான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சினைப்பை? "காரணம் தெரியாம எதையும் எடுக்க வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மயக்க மருந்து டாக்டர் ஸ்கேன் திரையில் பார்த்தபடி அந்த நரம்புப் பக்கம் மரத்துப்போகிற ஊசி போட்டார். வலி குறைந்தால் அதுவே கண்டுபிடிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், சில மணி நேரத்தில் திரும்பி வரும் என்பதையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நட, உட்கார், படி ஏறு என்றார். ஏறினேன். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து ரசவடை தின்றேன். வீட்டுக்காரர் "வலிக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், வடையைத் தின்ன விடாமல். சாயங்காலம் வலி வந்துவிட்டது. ஆனால் எதிரி யாரென்று தெரிந்துவிட்டதே! பிறகு போட்ட ஊசிகள் கூடுதல் நாள் தாங்கின.

ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் தந்தார்கள். இது மனச்சோர்வு மாத்திரை அல்லவா என்று தெரிந்தவர் ஒருவர் கிளப்பிவிட, நிறுத்திவிடலாமா என்றிருந்தேன். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த தங்கச்சி, குறைந்த அளவில் இது நரம்பு வலிக்கும் கொடுப்பதுதான், வாய் உலரும், மலச்சிக்கல் வரும், தண்ணீர் நிறையக் குடி என்று பொறுமையாகச் சொன்னாள்.

திருவனந்தபுரத்து பிசியோதெரபி சேச்சியை மறந்தால் நன்றி கெட்டவள் ஆவேன். வலிக்குப் பயந்து இடுப்புக்குள் இருக்கிற தசைகளை வருஷக்கணக்காக இறுக்கிப் பிடித்தே வைத்திருக்கிறேன், அதுவே இன்னொரு வலி என்று கண்டுபிடித்தவர் அவர். யாரோ சொன்னார்கள் என்று நான் வீட்டில் செய்துகொண்டிருந்த இறுக்கும் பயிற்சியை உடனே நிறுத்தச் சொன்னார். எனக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் "தொடட்டே?" என்று கேட்பார், "பதுக்கெ மதி" (மெதுவாகப் போதும்) என்பார். வயிறு மேலே எழும்ப மூச்சை இழுக்கும்போதே இடுப்புக்குள் இருக்கிற தசைகளைக் கீழே தளர விட வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை போலத் தெரியும். எனக்கு அது பிடிபட மாசக்கணக்கு ஆனது.

வீட்டுக்காரர் விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டப் போகிறவர். வந்ததும் தண்ணீர் சுமந்தார், மற்ற விஷயத்தில் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. இதற்கு மேல் இங்கே எழுதினால் கோபிப்பார்.

சுயஉதவிக் குழு அக்காமாரே, உங்களுக்குத்தான் கடைசி. நான் படுத்திருந்தபோது ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டரைப் பங்கு போட்டுத் தைத்து, கூலியை என் கையில் கொண்டு தந்தீர்கள். மெஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்ததும் நீங்கள்தான். மிதிக்கிற வேலை போனதே பாதி மருந்து. வலி முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கிறது, பஸ்ஸில் இன்னும் ஜன்னல் ஓர சீட்டில் சாய்ந்துதான் போகிறேன். ஆனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிகிறது, நடுவில் எழுந்து நடந்தால் நாள் முழுக்கத் தைக்க முடிகிறது. ஆகையால் கிறிஸ்துமஸ் துணிகளை இந்த வருஷம் என்னிடமே கொண்டு வாருங்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள். 20ஆம் தேதி ராத்திரி துணியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்களுக்கு, எவ்வளவு நன்றி இருந்தாலும், தைத்துத் தர மாட்டேன்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்துத் தையல்காரி