மதிப்பெண்ணுக்குப் பின்னால் மறையும் மறதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அல்சைமர் நோய் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, நன்கு படித்தவர்களையும் மூளைக்கு ஓயாமல் வேலை கொடுப்பவர்களையும் இந்நோய் எளிதில் அண்டாது என்றும், பெண்களுக்கு நினைவாற்றல் கூடுதல் என்பதால் அவர்களிடம் மறதி மெதுவாகவே வளரும் என்றும் கூறியிருந்தது. நினைவாற்றல் சோதனைகளை நடத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், இவை இரண்டும் பாதி உண்மைகளே என்றும், மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவது நோயாளிகளுக்குத்தான் கேடாக முடியும் என்றும் கருதுகிறேன்.

நாங்கள் வழக்கமாக வைக்கும் சோதனைகளுள் ஒன்றில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 15 சொற்களை உரக்க வாசித்து, நினைவில் நின்றவற்றைச் சொல்லச் சொல்வோம். இப்படி ஐந்து சுற்றுகள் முடிந்ததும், மனத்தைத் திசைதிருப்ப வேறொரு பட்டியலை வாசித்துவிட்டு, முதல் பட்டியலை உடனே ஒருமுறையும் அரை மணி நேரம் கழித்து மறுமுறையும் கேட்போம். சொல்வளம் மிக்கவர்கள் இரண்டாம் சுற்றிலேயே சொற்களைக் கோத்து ஒரு சிறு கதையாக்கிக்கொள்வார்கள். அவர்கள் உதடுகள் அசைவதிலேயே அது தெரிந்துவிடும். இத்தகைய சோதனைகளில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிடக் கூடுதலாக மதிப்பெண் பெறுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் எரின் சண்டர்மனும் அவருடைய குழுவினரும் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள், நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுருங்கிய அளவும் மூளை குளுக்கோஸைப் பயன்படுத்துவது குறைந்த அளவும் ஒத்திருந்தபோதும், பாதிப்பு மிதமாக இருக்கும்வரை பெண்களின் மதிப்பெண் ஆண்களைவிட மேலாகவே நின்றதையும், பாதிப்பு முற்றியபின் அந்த இடைவெளி மறைந்துபோனதையும் காட்டின. மூளைக்குள் நோய் வளர்ந்துகொண்டிருக்க, தாளில் மட்டும் அது தெரியாமல் போகிறது என்பதே இதன் பொருள். பெண்ணுக்கு நோய் கண்டறியப்படும்போது அது ஏற்கெனவே வெகுதூரம் கடந்திருப்பதால், அதன்பின் அவர் நிலை விரைவாகச் சரிவதுபோல் குடும்பத்தாருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

கல்வியும் கூர்மதியும் செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஒரே அளவு சேதத்தைச் சில மூளைகள் மற்றவற்றைவிட நெடுங்காலம் சமாளிப்பதை ஆய்வாளர்கள் 'அறிவாற்றல் சேமிப்பு' என்கிறார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முதியோரை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளிவந்தன. பின்னாளில் மறதிநோய்க்கு ஆளானவர்களிடம், பள்ளி, கல்லூரிகளில் கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டும் நினைவாற்றலின் வேகமான சரிவு தொடங்குவதைச் சுமார் இரண்டரை மாதம் தள்ளிப்போட்டது. ஆனால் சரிவு தொடங்கியபின் அதிகம் படித்தவர்களே கூடுதல் வேகத்தில் சரிந்தார்கள். கட்டுரையாசிரியர் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். சேமிப்பு இருக்கும்வரை செலவு தெரியாது; தீர்ந்தபின் கடன் முழுவதும் ஒருசேர வந்து நிற்கும்.

கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்ட கன்னியாஸ்திரிகள் ஆய்வைப் பற்றியும் ஒரு சொல். டேவிட் ஸ்நோடன் 678 கன்னியாஸ்திரிகளைக் கொண்டு நடத்திய அந்த ஆய்வில், இருபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் கருத்துச் செறிவு குறைந்திருந்தவர்களுக்கே முதுமையில் அல்சைமர் நோய் அதிகம் காணப்பட்டது. வாழ்க்கைமுறை ஏறத்தாழ ஒன்றாக இருந்தவர்களை ஒப்பிட்டது அந்த ஆய்வின் பெரும் பலம். ஆனால் அவர்கள் அனைவரும் பெண்கள். ஆண், பெண் வேறுபாட்டுக்கு அதைச் சான்றாகக் கொள்ள வழியே இல்லை. செறிவற்ற எழுத்து நோய்க்குக் காரணமா, அல்லது இளமையிலேயே மூளையில் இருந்த ஏதோ ஒரு வேறுபாட்டின் அடையாளமா என்பதையும் அது தீர்த்துவைக்கவில்லை.

அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள் என்பதற்கு அவர்களின் நீண்ட ஆயுள் ஒரு முக்கியக் காரணம். அதுவே முழுக் காரணமும் அன்று. ஏபிஓஇ4 என்ற மரபணு வகையைக் கொண்டவர்களுள், 65 முதல் 75 வயது வரையில் பெண்களுக்கே ஆபத்து கூடுதல் என்று 2017இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு கண்டது. மேலும், கல்வி ஆண்டுகளை அறிவின் அளவுகோலாகக் கொள்ளும்போது, இன்றைய முதிய பெண்களுள் பலருக்குப் பள்ளி வாய்ப்பே மறுக்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். அவர்கள் சோதனையில் இழக்கும் மதிப்பெண்களுள் எத்தனை நோயால் போனவை, எத்தனை கரும்பலகையைக் காணாததால் போனவை என்று பிரித்தறிவது எங்கள் தொழிலின் கடினமான பகுதி.

ஆகவே, இயல்பா நோயா என்று பிரிக்க எல்லோருக்கும் ஒரே வெட்டுமதிப்பெண் என்ற வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்துப் பார்த்தபோது, இயல்பானவர்கள் என்று அனுப்பப்பட்ட பெண்களுள் சிலர் நோயின் தொடக்க நிலையில் இருப்பதும், நோயாளிகள் எனப்பட்ட ஆண்களுள் சிலர் அப்படி இல்லாததும் தெரியவந்துள்ளன. அளவுகோல் மாறும்வரை, ஒருவருடைய இன்றைய மதிப்பெண்ணைப் பிறருடைய சராசரியோடு மட்டும் அல்லாமல் அவருடைய முந்தைய மதிப்பெண்ணோடும் ஒப்பிட வேண்டும். ஓராண்டுக்குள் மறுசோதனை வைக்க வேண்டும். முப்பது மதிப்பெண்ணுக்கான ஒரு சோதனையில் இருபத்தெட்டு வாங்கிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் மகள், “அம்மா முன்போல் இல்லை, கட்டிய பில்லையே மறுபடி கட்டுகிறார்” என்று சொன்னால், மதிப்பெண்ணைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பாமல், அந்தக் கூற்றையும் மருத்துவக் குறிப்பேட்டில் பதிவுசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவர்