மாடி சங்கத்துக்கு, கீழ்த்தளம் கடைக்கு

அன்பு மகள் கயலுக்கு,

உங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வாடகையை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள், விருந்து வைத்து நன்கொடை திரட்டப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். வருடா வருடம் இலை போட்டுக்கொண்டே இருக்க முடியுமா?

கலிபோர்னியாவில் மெண்டசினோ என்ற கடலோரச் சிற்றூருக்கு எங்களை அழைத்துப்போனாய் அல்லவா, அங்கே மேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தாரின் பழைய மரக் கட்டடத்தைப் பார்த்தோம். உச்சியில் நிற்கும் வெள்ளைச் சிலைகளை நீங்கள் விதவிதமாகப் படம் எடுத்தீர்கள். சிறகுள்ள காலக்கிழவர் ஒரு பெண்ணின் கூந்தலைப் பின்னுகிறார், அவள் முன்னே உடைந்த தூண். எரிக் ஆல்பர்ட்சன் என்ற சங்க உறுப்பினரே ரெட்வுட் மரத்தில் செதுக்கியது. அழகுதான். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவனுக்குக் கண் போனது கீழே இருந்த வங்கியின் மேல்தான்.

அந்தக் காலத்து அமெரிக்கச் சிற்றூர்களில் மேசன்களும், அவர்களைப் போலவே ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட ஆட்ஃபெல்லோஸ் என்ற சங்கத்தாரும் பெரும்பாலும் இப்படித்தான் கட்டினார்கள். தெருவைப் பார்த்த கீழ்த்தளம் கடைக்கோ வங்கிக்கோ, மாடி சங்கத்துக்கு. ரகசியச் சடங்குகளைத் தெருவில் போகிறவர் எட்டிப்பார்க்க முடியாது. அதைவிட முக்கியம், சந்தா குறைந்த மாதத்திலும் கடை வாடகை வந்துவிடும்.

அமெரிக்காவில் ஆட்ஃபெல்லோஸ் சங்கத்தை 1819இல் பால்டிமோரில் தொடங்கியவர் தாமஸ் வைல்டி. நோயுற்றவரைப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது, அனாதைகளைப் படிக்கவைப்பது எல்லாம் உறுப்பினர் கடமை. அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1935இல். அதுவரை படுத்துவிட்ட தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரியச் சங்கப் பணம்தான் பல ஊர்களில் கைகொடுத்தது. கறுப்பின மக்களை மட்டும் சேர்க்க மறுத்தார்கள். கறுப்பினத்தவர் 1843இல் இங்கிலாந்துச் சங்கத்திடம் அனுமதி பெற்றுத் தனியாகத் தொடங்கினார்கள். ஆளை ஒதுக்கும் அந்தப் புத்தியை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் இரண்டு தளக் கட்டடம் ஒன்று விலைக்கு வரும் என்கிறாயே, அதைப் போய்ப் பார். பழைய சங்கக் கட்டடங்களில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும்; உறுப்பினர்களுக்கு வயதானதும் ஏற முடியாமல் போகும். லிஃப்ட் வைக்க இடமிருக்கிறதா என்று முதலில் கேள். கூரையை எப்போது மாற்றினார்கள், கடைக்காரரின் ஒப்பந்தம் இன்னும் எத்தனை ஆண்டு என்றும் விசாரி. பள்ளியின் வரவுசெலவுத் தாளை அனுப்பிவை. கடன் தாங்குமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா