கதிருக்கும் ரிக்கெல்மேவுக்கும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

கதிரைப் பற்றி நீ எழுதியதுதான் மனதைவிட்டுப் போகவில்லை. பந்தை ரொம்ப நேரம் காலில் வைத்துக்கொள்கிறான், நடுவில் சரிப்படமாட்டான் என்று கோச் அவனை விங்குக்கு, அதாவது மைதானத்தின் ஓரத்துக்கு, தள்ளிவிட்டாராமே. பையன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான் என்று படித்தபோது எனக்கு அர்ஜென்டினா கால்பந்துக்காரன் ரிக்கெல்மே ஞாபகம்தான் வந்தது.

அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் கிளப்புக்கு 2000, 2001 இரண்டு வருடமும் தென் அமெரிக்க கிளப்புகளின் லிபர்டடோரஸ் கோப்பையை வாங்கிக் கொடுத்தவன் அவன். டோக்கியோவில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக, தன் பாதி மைதானத்திலிருந்தே கூட ஆடிய பலெர்மோவுக்குத் தூக்கிப் போட்டானே ஒரு பாஸ்! ஆறாவது நிமிடத்திலேயே போகா 2-0 என்று முன்னால். அப்படிப்பட்டவனை 2002இல் பார்சிலோனா வாங்கியது. கோச் வான் ஹால் அவனைப் பல ஆட்டங்களில் ஓரத்தில் நிறுத்தினார், பெஞ்சிலும் உட்காரவைத்தார். கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓடுவதற்குப் பிறந்தவனா அவன்? அடுத்த வருடம் ரொனால்டினோ வந்ததும் இவனை வில்லாரியல் கிளப்புக்கு லோனில், இரவல் கொடுப்பதுபோல, அனுப்பிவிட்டார்கள்.

வில்லாரியல் ஸ்பெயினில் ஐம்பதாயிரம் பேர் இருக்கிற சின்ன ஊர். 2004இல் அங்கே கோச்சாக வந்த பெல்லெக்ரினி இவனை நடுவில் நிறுத்தி, மற்றவர்களை இவனைச் சுற்றி ஓடவைத்தார். அந்த சீசனில் ஸ்பெயினின் லீகான லா லிகாவில் மூன்றாம் இடம். முன்னால் ஆடிய ஃபோர்லான் 25 கோல் அடித்தான். அடுத்த சீசன், ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீகில் முதல் தடவையாக ஆடியபோதே அரையிறுதி. ஆளும் அதே ஆள், வேகமும் அதே வேகம். நிற்கிற இடம்தான் மாறியது.

அவன் மந்தம் என்று நீயே சொல்வாய், மேன்ஷன் டிவி முன்னால் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். பந்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி யார் எங்கே என்று பார்த்துவிடுவான். அப்புறம் முதுகால் எதிராளியை மறைத்து, உள்ளங்காலைப் பந்தின்மேல் வைத்து, முன்னால் இருப்பவன் ஓடத் தொடங்கும்வரை காத்திருப்பான். 2000 லிபர்டடோரஸில் போகாவின் பரம எதிரி ரிவர் பிளேட்டோடு நடந்த ஆட்டத்தைப் பார். ரிவரின் தடுப்பாட்டக்காரன் யெபெஸ் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். இவன் திரும்பவே இல்லை. உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்து யெபெஸின் கால்களுக்கு நடுவே விட்டுவிட்டு, சுற்றிப்போய் எடுத்துக்கொள்கிறான். நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

அந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஆர்செனலுக்கு எதிராக இவன் அடித்த பெனால்டியை அவர்கள் கோல்கீப்பர் லேமன் தடுத்தது வலிக்கத்தான் செய்கிறது. 2006 ஏப்ரல், ராத்திரி இரண்டு மணி, மேன்ஷனில் ஒருவரும் பேசவில்லை. ஆனால் அதைவிட எனக்கு ஆறாதது, இரண்டே மாதத்தில் பெர்லினில், உலகக் கோப்பை காலிறுதியில் நடந்தது. அவன் அடித்த கார்னரில்தான் அர்ஜென்டினாவின் அயாலா தலையால் முட்டி கோல் போட்டான். ஜெர்மனி தடுமாறிக்கொண்டிருந்தபோது, 72ஆம் நிமிடத்தில் கோச் பெக்கர்மன் இவனை வெளியே எடுத்துவிட்டார். எட்டு நிமிடத்தில் ஜெர்மனியின் குளோசே சமன் செய்தான், பெனால்டியில் அர்ஜென்டினா தோற்றுப்போயிற்று. பழியெல்லாம் இவன் தலையில். அந்த ஏச்சுப் பேச்சில் தன் அம்மாவின் உடம்பு கெட்டுவிட்டது என்று சொல்லி நாட்டு அணியிலிருந்தே விலகினான்.

கதிரிடம் இதையெல்லாம் சொல். அதோடு 2007ஐயும் சொல். போகாவுக்குத் திரும்பினான், லிபர்டடோரஸில் பிரேசிலின் கிரேமியோவை இரண்டு இறுதி ஆட்டத்திலுமாகச் சேர்த்து 5-0 என்று ஜெயித்தார்கள். அதில் மூன்று கோல் இவனுடையது. நாட்டு அணிக்கும் திரும்பினான், அடுத்த வருடம் பெய்ஜிங்கில் கேப்டனாக ஒலிம்பிக் தங்கம். இப்போது போகாவின் தலைவரே அவன்தான்.

கோச்சோடு சண்டைக்குப் போகாதே. விங்கில் ஆடச் சொன்னால் இப்போதைக்கு ஆடட்டும். பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விடவேண்டாம் என்று சொல், அதற்கு எந்த இடமானாலும் சரி. நீயும் சாயங்காலம் அவனோடு கொஞ்சம் பந்து உதை, முட்டி வலி இல்லாவிட்டால்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். யெபெஸ் வீடியோ என் போனில் இருக்கிறது, கதிருக்குக் காட்டவேண்டும். அவன் ஆடுகிற ஆட்டம் ஏதாவது அந்த வாரத்தில் இருந்தால் முன்கூட்டியே எழுது, அதற்குத் தக்கபடி டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
சேகர்