பரமபதமும் மைனஸ் 80 ஃப்ரீசரும்

பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்டால், பரமபதம் ஆடினேன் என்பேன். சிரிக்காதே.

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்துக் காக்கும் ஃப்ரீசர் ஒரு வார இறுதியில் நின்றுபோனது. திங்கள் காலையில் கதவைத் திறந்தால் பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மாணவி ஒருத்தி இரண்டு வருடமாகச் சேர்த்த, உருகினால் கெட்டுவிடும் ஆர்.என்.ஏ. மாதிரிகள் அத்தனையும் அதில்தான். அவள் அழவில்லை. "பரவாயில்லை மேடம்" என்று சொல்லிவிட்டு ஈரக் குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வயதில் நீயும் நானும் எத்தனை 'பரவாயில்லை' சொல்லியிருப்போம்!

மன அழுத்தத்துக்கு 'சூப்பர்பெட்டர்' என்ற போன் விளையாட்டை யாரோ சொன்னார்கள். ஜேன் மெக்கோனிகல் என்ற அமெரிக்கப் பெண் 2009இல் தலையில் அடிபட்டுப் படுத்திருந்தபோது தனக்காக உருவாக்கிய விளையாட்டிலிருந்து வளர்ந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதுகூட அதில் பலம் கூட்டும். நம்மைப் படுத்துபவற்றுக்கு 'வில்லன்' என்று பெயர். 283 பேரிடம் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், ஒரு மாதம் ஆடியவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. ஆனால் பாதியில் விட்டவர்களும் நிறைய. நான் பத்தாம் நாள் விட்டேன். எங்கள் ஆய்வகத்தில் ஒருத்தி தன் வில்லனாக 'கல்யாணம் எப்போது என்று கேட்கும் சித்தியின் போன்' என்று எழுதியதுதான் எனக்குக் கிடைத்த லாபம். தனியாகப் போனைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தால் நான்கு மாதமாக வராத உதவித்தொகை வந்துவிடுமா?

அப்போதுதான் உன் பாட்டி வீடு ஞாபகம் வந்தது. வைகுண்ட ஏகாதசிக்குத் தூங்காமலிருக்க ஆடுவோமே, ஏணி புண்ணியம், பாம்பு பாவம் என்று! ஆய்வகப் பெண்கள் ஐந்து பேரும் சார்ட் தாளில் எங்களுக்கென்று ஒன்று வரைந்தோம். ஃப்ரீசர், உதவித்தொகைத் தாமதம், பிரசவத்துக்குப் பின் விட்டுப்போன வருடங்கள், மாலை ஏழு மணிக் கூட்டம் எல்லாம் பாம்புகள். பத்தே நிமிடத்தில் பன்னிரண்டு பாம்பு தயார். ஏணிக்குத்தான் ஒரு மணி நேரம் யோசித்தோம். ஆராய்ச்சியில் இடைவெளி விழுந்த பெண்களுக்கும் கைகொடுக்கும் மத்திய அரசின் வைஸ்-கிரண் திட்டத்தை ஒருத்தி நினைவுபடுத்தினாள். பிரசவப் பாம்புக்குப் பக்கத்திலேயே அந்த ஏணியைச் சாய்த்தோம்.

விதி ஒன்றுதான்: பாம்பின் வாயில் விழுந்தவள் அந்தப் பாம்பு தன்னைக் கடித்த கதையைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் அந்த மாணவியின் காய் ஃப்ரீசரில் விழுந்தது. அரை மணி நேரம் பேசினாள். யாரும் பகடையைத் தொடவில்லை.

துறைத் தலைவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார், உட்கார வைத்துவிட்டோம். நேராகப் போய் ஏழு மணிக் கூட்டத்தில் விழுந்தார். சொல்ல அவருக்குக் கதை இல்லை. "இதை யார் வரைந்தது?" என்றார். ஐந்து பேரும் கை தூக்கினோம். இப்போது கூட்டம் மூன்று மணிக்கு. உதவித்தொகைப் பாம்பு மட்டும் அசையாமல் கிடக்கிறது.

உன் கல்லூரிப் பெண்கள் என்னென்ன பாம்பு வரைவார்கள் என்று கேட்டு எழுது. பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் அனுப்பி வை. இங்கிருக்கும் பிளாஸ்டிக் பகடை சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்துக்கு அடியில் உருண்டு ஓடிவிடுகிறது.

அன்புடன்,
வசந்தி