லேமினேட் செய்யும் முன்: கோயில், சங்க நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரிலுள்ள நம் கோயில்கள், சங்கங்கள் சிலவற்றின் அலமாரிகளில், இருப்பதையே குழுவினர் மறந்துவிட்ட வரைபடச் சுருள்கள் கிடக்கின்றன. ஸ்தபதி பென்சிலால் திருத்திய கோயில் விமானப் படங்கள், பத்தர்கள் மையால் வரைந்த நகை மாதிரிகள், நீலத்தாளில் (புளூபிரிண்ட்) படியெடுத்த கட்டட வரைபடங்கள் என்று அவை பலவகை. ஆண்டு விழாவோ குடமுழுக்கோ நெருங்கும்போதுதான் அவை வெளியே வருகின்றன. வந்த கையோடு கெட்டும் போகின்றன. பழைய தாள்களைச் செப்பனிடுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் தங்களிடம் நான் வைப்பது ஒரே வேண்டுகோள்: எந்த வரைபடத்தையும் ஒட்டுவதற்கும் லேமினேட் செய்வதற்கும் முன்பாக, அது எந்தத் தாளில் எதைக் கொண்டு வரையப்பட்டது என்பதைச் சோதித்து அறியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பினர் (பெயர் வேண்டாம், நல்ல மனத்தோடுதான் செய்தார்கள்) ஓர் அட்டிகையின் வரைபடத்தை என்னிடம் கொண்டுவந்தனர். கண்காட்சிக்காக முந்தைய வாரம்தான் அதை லேமினேட் செய்திருந்தார்கள். உருப்பெருக்கியின் கீழ் பார்த்தபோது, மைக்கோடுகள் நெடுகத் தாள் பழுப்பேறி விரிசல் விட்டிருந்தது. பதக்கத்தின் நடுவிலிருந்த மாங்காய் வடிவம் அதைச் சுற்றிய கோட்டோடு அறுந்து, சற்றே விலகி, பிளாஸ்டிக்குக்குள் சாய்ந்து நின்றது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நார்களுக்குள் இறங்கிவிட்டதால் பிரித்தெடுக்க வழியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அந்தக் கோடுகள் அறுந்ததற்குக் காரணம் மைதான். மாசிக்காய் அல்லது கடுக்காயின் துவர்ப்புச் சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கலந்து காய்ச்சும் கறுப்பு மையை நம் முன்னோரும் அறிவர், ஐரோப்பியரும் அறிவர். அதிலிருந்து உண்டாகும் கந்தக அமிலம் தாளின் நார்களாக அமைந்த செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டுகிறது. காயின் துவர்ப்புச் சத்தான டானினோடு சேராமல் எஞ்சிய இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் தாளை அரிப்பதை விரைவுபடுத்துகிறது. ஈரப்பதம் இந்த இரண்டு வேலைகளுக்கும் துணை போகிறது. வெளிக்காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இந்த ஊரில், பகலில் குளிரூட்டி ஓடி இரவில் நின்றுவிடும் அலுவலக அறையைத் தாளுக்குப் பாதுகாப்பான இடம் என்று சொல்ல முடியாது.

இதைக் கண்டறிவது பெரிய வித்தையன்று. வினைப்பொருள் தோய்த்த சோதனைத் தாளை லேசாக ஈரப்படுத்தி, மைக்கோட்டின் மேல் அரை நிமிடம் அழுத்தி எடுத்தால், சேராத இரும்பு இருக்குமானால் சோதனைத் தாள் இளஞ்சிவப்பாக மாறும். அப்படி மாறினால் அந்த வரைபடத்தின் அருகே ஈரத் துணியையோ மைதா பசையையோ கொண்டுபோகவே கூடாது. நீர் அந்த இரும்பைச் சுத்தமான இடத்துக்கும் பரப்பிவிடும். (மைதா பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்தாவது வேறு கதை.) தேர்ந்தவர்கள் இரும்பைக் கட்டிப்போட, தவிட்டிலும் காணப்படும் பைட்டிக் அமிலத்தின் கால்சிய உப்பைப் பயன்படுத்துகிறார்கள், பிறகு அமிலத்தைத் தணிக்கக் காரத்தன்மையுள்ள கால்சியம் பைகார்பனேட் கரைசலில் தாளை நனைக்கிறார்கள்.

ஆனால் இதே காரம் நீலத்தாள் வரைபடத்துக்கு எமன். அதிலுள்ள பிரஷ்ய நீலம் காரம் பட்டால் நிறமிழந்து போகும். ஆகவே மற்றத் தாள்களுக்கு நல்லது என்று கடைகளில் விற்கும், கார்பனேட் சேர்த்த அமிலமற்ற உறையில்கூட அதை வைக்கக் கூடாது. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாவதால்தான், முதலில் சோதனை, பிறகு சிகிச்சை என்கிறேன்.

சோதனை என்றதும் தாளைக் கிள்ளியெடுத்து விடுவார்களோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். தாளைத் தொடாமலே செய்யக்கூடியவை ஏராளம். அகச்சிவப்பு ஒளியில் அன்னபேதி மை மங்கிப்போக, அதன் அடியிலுள்ள பென்சில் கோடு கறுப்பாகவே நிற்கும். ஸ்தபதி முதலில் போட்ட அளவையும் பின்னர் மாற்றிய அளவையும் பிரித்துப் பார்க்க இது உதவும். ஊடுகதிர் (எக்ஸ்ரே) ஒளிர்வுச் சோதனை சிவப்பு வண்ணத்தில் பாதரசம் இருப்பதைக் காட்டினால் அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம் என்று ஊகிக்கலாம். இராமன் நிறமாலை அதை உறுதிசெய்யும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவை அடிப்படையாகக் கொண்டது அது. மேடைதோறும் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், நம் அலமாரியிலிருக்கும் ஒரு வரைபடத்துக்காவது அதைப் பயன்படுத்தியிருக்கிறோமா?

பின்னாளில் சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக இருந்த வில்லியம் ஃபார்குவார், மலாக்காவில் இருந்த காலத்தில் சீன ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்த 477 இயற்கை வரலாற்று ஓவியங்கள், 1993இல் லண்டன் ஏலத்தில் 3 மில்லியன் வெள்ளிக்கு வாங்கப்பட்டு நம் தேசிய அரும்பொருளகத்துக்கு நன்கொடையாக வந்தன. வரைந்த ஓவியர்களின் பெயர்கள் பதிவாகவில்லை. அவர்களைப் பற்றி எஞ்சியிருக்கும் சாட்சி தாளும் வண்ணமும்தான். நம் பத்தர்களின் நிலையும் அதுவே. அரும்பொருளகங்கள் இத்தகைய ஓவியங்களை ஏறத்தாழ 50 லக்ஸ் மங்கல் ஒளியில் சில மாதங்கள் மட்டும் வைத்து, பிறகு இருட்டுக்கு அனுப்புகின்றன. நாமோ விழா மண்டபத்தில் குவியொளி விளக்கின் நேர் கீழே மாட்டுகிறோம். மங்கிய வண்ணம் விளக்கை அணைப்பதால் திரும்பி வராது. கண்காட்சிக்கு நல்ல அச்சுப்படி ஒன்றே போதும். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஓர் அங்கமாகச் சேர்த்து, தங்களிடமுள்ள வரைபடங்களின் பட்டியலை எடுக்குமாறும், தேர்ந்தவர் பார்க்கும்வரை அவற்றில் எதையும் செப்பனிடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றுமாறும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை சுருள்களை வலிந்து விரிக்க வேண்டாம். துருப்பிடித்த கிளிப்பும் ரப்பர் வளையமும் தாளோடு ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் மட்டும் மெல்லக் கழற்றிவிடுங்கள். ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தாள் செப்பனிடும் தொழிலாளி ஒருவன்
சிங்கப்பூர்